விதைநெல்லைப் போலத்தான் ரத்தக்குழாயும்!

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். கடலைக்கு ஜிப்சம் எப்போது போடுவது, கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் நிற்க என்ன கொடுப்பது என்ற கேள்விகளுக்கு நடுவே, சில இதழ்களுக்கு முன்பு ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார்: ‘டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அண்ணனுக்கு இனிமேல் டியூப் போட நரம்பே இல்லை என்கிறார்கள். வேறு வழி உண்டா?’

உண்டு. ஆனால், அந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த வழியில் போய் வந்தவர் என்பதால் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் இரண்டரை ஏக்கர் மானாவாரியும், குளத்துப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் நெல்லும் பார்க்கிற சம்சாரி. எங்கள் ஊர் பெயரில்தான் தாலுகா, தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில். கீரனூரில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் திருச்சி, மறுபக்கம் புதுக்கோட்டை. பத்து வருடமாக வாரத்தில் மூன்று நாள் அந்த பஸ்தான் எங்களுக்கு இன்னொரு வீடு.

ஏழு வருடம் ஓடிய வாய்க்கால்

2016ஆம் வருடம் ஆடிப்பட்டத்துக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்த நேரம். அவருக்கு மூச்சுவாங்கியது, கால் வீங்கியது, வாந்தி. அப்போது வயது 43. ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, அதற்கு வலி இல்லை, அறிகுறி இல்லை. ரத்தம் பார்த்தபோது இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. அன்று இரவே ஒரு தனியார் மருத்துவமனையில் இடது காறை எலும்புக்குக் கீழே டியூப் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அந்த டியூப்தான் அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது. பின்னால் தொந்தரவுக்கு வித்து போட்டதும் அதுதான். இரண்டுமே உண்மை.

டயாலிசிஸ் என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு பெரிய ரத்தக்குழாய் தேவை என்பதை நம் பாஷையில் சொல்கிறேன். மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை உடம்பிலிருந்து இழுத்து, வடிகட்டித் திருப்பி அனுப்புகிறது. 4 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 72 லிட்டர். ஒரு ஆளின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். அதே ரத்தம் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. குளுக்கோஸ் ஏற்றுகிற புறங்கை நரம்பால் இந்த ஓட்டத்தைத் தாங்க முடியாது. பாத்திகட்டி வாய்க்காலில் ஏழரை எச்.பி. மோட்டார் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

அதனால் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், வேகமாக ஓடும் தமனியை, மெதுவாக ஓடும் சிரையோடு இணைத்துத் தைக்கிறார்கள். இதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. தமனியின் வேகம் உள்ளே வர வர, சிரை தடித்துப் பருத்துவிடும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஊசி போடப் பக்குவமாகிவிடும். டாக்டர்கள் ‘ஆறு’ கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குள் ஆழம். இந்த மூன்றும் இருந்தால் நல்ல ஃபிஸ்டுலா.

இந்த யோசனை வருவதற்கு முன் நிலைமை மோசமாக இருந்திருக்கிறது. 1943ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் டயாலிசிஸ் மெஷின் செய்துவிட்டார். ஆனால், ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாயை அறுத்துக் குழாய் சொருக வேண்டும். சில தடவைக்குப் பின் அறுக்க இடம் இருக்காது. மெஷின் இருந்தும் ஆள் பிழைக்க வழியில்லை. 1960ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையிலேயே நிரந்தரமாக வைக்கிற டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். 1966ல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ, அப்பெல் ஆகிய மருத்துவர்கள் ஃபிஸ்டுலாவைப் பற்றி எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு ஆள் பல வருடம் டயாலிசிஸில் வாழ முடியும் என்று ஆனது. ஆக, டயாலிசிஸ் வரலாறு என்பதே பாதி மெஷினின் வரலாறு, பாதி வாய்க்காலின் வரலாறு.

என் வீட்டுக்காரருக்கு இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். 2016 கடைசியில் ஓட ஆரம்பித்த அது, கூடக்குறையச் சரிசெய்து 2023 வரை ஓடியது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவர் கடலைக்குக் களை வெட்டினார், மாடு பிடித்துக் கட்டினார். வலது கையால்தான். மாட்டுக் கயிற்றை இடது கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, அந்தக் கையில் கடிகாரம் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. எல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் அந்தக் கையைத் தொட்டு, ‘கிர்’ரென்று அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பது, வாசல் தெளிப்பது மாதிரி ஒரு வேலை.

கலிங்கு அடைபட்டால்…

2022 பங்குனியில், நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேர் நேரத்தில், அவருடைய இடது கை வீங்க ஆரம்பித்தது. சட்டைக் கை இறுக்கியது. தோள்பட்டையிலும் நெஞ்சின் இடது பக்கத்திலும் பச்சைப் பச்சையாக நரம்பு ஓடியது. ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆனது. மெஷினில் ரத்தம் திரும்பும் பக்கத்தின் அழுத்தம் கூடுவதாக டெக்னீஷியன் தம்பி சொன்னார். “அக்கா, இத விட்டுடாதீங்க, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று அவர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திருச்சியில் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். அதற்கு வெனோகிராம் என்று பெயர். கையில் எந்தக் குறையும் இல்லை. கையிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய சிரை, நெஞ்சுக்குள் காறை எலும்புக்கு அடியில் நூலாகச் சுருங்கியிருந்தது. 2016ல் டியூப் இருந்த அதே இடம்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். “அம்மா, டியூப் உள்ள இருக்கும்போது, மூச்சு விட்டாலும் கைய அசைச்சாலும் அது ரத்தக்குழாய் சுவர்ல உரசிக்கிட்டே இருக்கும். உரசின இடம் தழும்பாகும். தழும்பு வருஷக்கணக்கா தடிச்சு வழிய அடைக்கும். காறை எலும்புக்குக் கீழ போட்டா இது ரொம்ப அதிகம். அதனாலதான் இப்ப வலது கழுத்துல போடுறோம். அங்கிருந்து இதயத்துக்கு நேர் வழி. இடது பக்கம்னா ரெண்டு வளைவு.”

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் குளத்தில் மழை வெள்ளம் வரும்போது கலிங்கில் சீமைக்கருவேல முள்ளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? தண்ணீர் பின்னால் ஏறும். கரையில் ஊற்றெடுக்கும். எங்கெல்லாம் பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் சின்னச் சின்னதாக வழி பண்ணிக்கொள்ளும். கை வீக்கம் என்பது பின்னால் ஏறிய தண்ணீர். நெஞ்சில் தெரிந்த பச்சை நரம்புகள் அந்தச் சின்ன வழிகள்.

அடைத்த இடத்தில் பலூனை விரித்து வழியை அகலப்படுத்தினார்கள். வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. ஏழு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்ப பலூன். இப்படித்தான் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தூர்வாரினால் திரும்பத் தூர் சேருவது போல. 2023 ஐப்பசியில் ஒரு நாள் காலையில் கையைத் தொட்டேன். அதிர்வு இல்லை. அன்றைக்கே ஓடினோம். ஃபிஸ்டுலா உறைந்திருந்தது, திறக்க முடியவில்லை.

வலது கழுத்தில் நிரந்தர டியூப் போட்டார்கள். ஐந்து மாதத்தில் குளிர்காய்ச்சல், கிருமி. மாற்றிப் போட்டார்கள். 2024 ஆவணியில் அதிலும் ரத்தம் வரவில்லை. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும், குனிந்தால் தலை கனக்கும். படம் எடுத்தால், இரண்டு கைக்கும் தலைக்கும் பொதுவாக இதயத்துக்குள் இறங்குகிற மேல் பெருஞ்சிரையே அடைத்திருந்தது.

“வலது கையில புதுசா ஒரு ஃபிஸ்டுலா வைக்கலாமே சார்?” என்று என் கொழுந்தனார் கேட்டார். டாக்டர் தலையாட்டினார். “வாய்க்கால் வெட்டலாம். தண்ணி போய்ச் சேர்ற இடம் அடைச்சிருக்கே. கை வீங்கி வெடிச்சிரும்.”

இருக்கும் வழிகள்

அப்போதைக்கு இடுப்புக்குக் கீழே தொடை இடுக்கில் தற்காலிக டியூப் போட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாளில் டாக்டர்கள் எங்களிடம் சொன்னவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கேள்வி கேட்ட வாசகருக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் வழி, வயிற்று டயாலிசிஸ். இதற்கு ரத்தக்குழாயே தேவையில்லை. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, வழக்கமாக 2 லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வீட்டிலேயே. வயிற்றின் உள்சவ்வே வடிகட்டி. ‘நரம்பு இல்லை’ என்று சொல்லப்படும் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எனக்கு வயிற்று டயாலிசிஸ் ஆகுமா?’ என்பதுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இதற்கான மருந்துப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இந்த வழி மூடியிருந்தது. இளவயதில் குடல்புண் வெடித்து வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. உள்ளே குடல் ஒட்டிக் கிடந்தது.

இரண்டாவது, அடைத்த வழியையே திறப்பது. கழுத்திலிருந்து ஒரு கம்பி, தொடையிலிருந்து ஒரு கம்பி. இரண்டும் அடைப்பின் இரண்டு பக்கமும் வந்து நிற்க, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே நடுவில் இருக்கும் தழும்பைத் துளைத்து, பலூனால் அகலப்படுத்தி, அதன் வழியாக டியூப்பை இறக்குவது. கம்பி வழிதவறினால் நெஞ்சுக்குள்ளோ இதயத்தைச் சுற்றியோ ரத்தம் கசியலாம். அதனால் பழகிய கை வேண்டும், அறுவை அரங்கு தயாராக இருக்க வேண்டும். இதிலேயே ‘உள்ளிருந்து வெளியே’ என்று ஒரு முறை இருக்கிறது. தொடையில் நுழைந்து, இதயத்தின் வலது பக்கம் வழியாக மேலே ஏறி, அடைப்பைத் தாண்டிக் கழுத்துக்குப் பக்கத்தில் தோலுக்கு வெளியே வருவது. அதற்காகவே செய்த ‘சர்ஃபேசர்’ என்ற கருவிக்கு 2020ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மூன்றாவது, தொடை. தொடை இடுக்கில் நிரந்தர டியூப் வைக்கலாம். அல்லது தொடையின் தமனிக்கும் சிரைக்கும் நடுவே செயற்கைக் குழாயை வளைவாகத் தைத்து அதில் ஊசி போடலாம். எளிதாக எட்டும் இடம். ஆனால், வியர்வையும் அழுக்கும் சேரும் இடம் என்பதால் கிருமி தொற்றுவது அதிகம், ரத்தம் உறைவதும் அதிகம்.

நான்காவது, முதுகு வழி. குப்புறப் படுக்க வைத்து, வலது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே முதுகுப் பக்கத்தில் ஊசி செலுத்தி, வயிற்றுக்குள் ஓடும் கீழ்ப் பெருஞ்சிரைக்குள் நீளமான டியூப்பை அனுப்புவது. 1990களின் நடுவிலிருந்து இதைச் செய்கிறார்கள். நாங்கள் இருந்த வார்டில் மணப்பாறைப் பக்கத்து அண்ணன் ஒருவருக்கு இப்படி டியூப் இருந்தது. விலாவில் வெளியே வந்து, பனியனுக்குள் மடித்து ஒட்டியிருந்தார். “படுக்கும்போது மட்டும் இடஞ்சலா இருக்கும்மா. மத்தபடி கை ரெண்டும் ஃப்ரீ. தறியில உக்காந்துடுறேன்” என்றார்.

ஐந்தாவது, கல்லீரல் வழி. விலா எலும்புகளுக்கு நடுவே கல்லீரலுக்குள் புகுந்து, அங்குள்ள சிரை வழியாக இதயத்துக்குப் போவது. ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஏறி இறங்குவதால் டியூப் நழுவிவிடும். அதனால் மற்ற கதவெல்லாம் மூடிய பின்தான் இதைத் தட்டுகிறார்கள்.

இப்போது அந்த வாசகரின் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். ‘நரம்பு இல்லை’ என்று ஒரு இடத்தில் சொன்னால், அந்த இடத்தில் செய்யக்கூடிய வழி முடிந்தது என்று அர்த்தம். வெனோகிராம் படத்தையும் பழைய டியூப்புகளின் விவரத்தையும் எடுத்துக்கொண்டு, சிறுநீரக மருத்துவரோடு கதிரியக்கச் சிகிச்சை மருத்துவரும் ரத்தநாள அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்க்கிற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விதைநெல்லைத் தொடலாமா?

எங்களுக்குத் தொடை டியூப்தான் சுலபமாகத் தெரிந்தது. செலவு குறைவு, பக்கத்திலேயே செய்யலாம், ஆபத்தும் அந்த நேரத்துக்குக் குறைவு. அவரும் சோர்ந்துபோயிருந்தார். ஒரு நாள் சாயங்காலம், சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “இந்தா, எத்தன நாளைக்கு இந்த ஒடம்புல ஓட்ட போட்டுக்கிட்டே இருக்கது? தொடையில போட்டு அனுப்பச் சொல்லு. நடக்குற வரைக்கும் நடக்கட்டும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஓட்டை அவர் உடம்பில்தானே.

மறுநாள் டாக்டர் வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். “இவர் சிறுநீரகத்துக்குப் பதிவு பண்ணியிருக்காரா?”

2019ல் பதிவு செய்திருந்தோம். என் சிறுநீரகத்தைக் கொடுக்க நான் தயாராக இருந்தும் ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை. அதனால், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் காத்திருக்கிறார். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 2008ல் முறைப்படுத்தப்பட்டது. அந்த வருடம் செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவருடைய பெற்றோர் தானம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் தருகிறார்கள்.

டாக்டர் சொன்னார்: “புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைக்க மாட்டோம். அடிவயித்துல வைப்போம். அதோட ரத்தக்குழாயை, தொடையிலிருந்து மேல ஏறி வர்ற பெரிய சிரையோட தைப்போம். தொடை டியூப் மாசக்கணக்கா இருந்து அந்தச் சிரை அடைச்சுப்போச்சுன்னா, நாளைக்குக் கிட்னி கிடைச்சாலும் தைக்க இடம் இருக்காது.”

அன்றைக்கு ராத்திரி அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான். “எந்தப் பஞ்சத்துலயும் விதைநெல்ல குத்தித் தின்னதில்லைன்னு உங்க அப்பா சொல்லுவாக. இது விதைநெல்லு.” அவர் ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “செரி, நெஞ்சுலயே பாக்கச் சொல்லு” என்றார்.

அடைப்பைத் திறக்கும் சிகிச்சை மூன்றரை மணி நேரம் நடந்தது. முதல் இரண்டு முயற்சியில் கம்பி போகவில்லை என்றும், மூன்றாவதில் துளைத்து வழி கிடைத்தது என்றும் பிறகு சொன்னார்கள். வலது கழுத்தில் டியூப் வைத்தார்கள். தொடை டியூப்பை எடுத்துவிட்டார்கள். டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதற்குள் வராத செலவுக்கு இரண்டு கறவை மாடுகள் போயின. முகத்து உப்பல் ஒரு வாரத்தில் வடிந்தது.

அதிலிருந்து அந்த டியூப் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு தடவை பலூன் வைத்தார்கள். எவ்வளவு நாள் ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. தொடைப் பக்கத்துச் சிரை இரண்டும் சுத்தமாக இருக்கின்றன.

என்னிடம் கேட்பவர்களுக்கு…

கீரனூர் பஸ் ஸ்டாண்டிலும் டயாலிசிஸ் வார்டு வராந்தாவிலும் என்னிடம் அடிக்கடி கேட்கும் சில கேள்விகள் இவை. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைத் தருகிறேன்.

*“அப்பாவுக்கு இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்கல. இப்பவே ஃபிஸ்டுலா வைக்கச் சொல்றாக. வச்சா டயாலிசிஸ் சீக்கிரம் வந்துருமாமே?”*

வராது. ஃபிஸ்டுலா வைப்பதற்கும் சிறுநீரகம் கெடுவதற்கும் சம்பந்தம் இல்லை. அது பக்குவமாக மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே வைக்கச் சொல்கிறார்கள். கையில் ஃபிஸ்டுலா தயாராக இருந்தால், அவசரத்தில் டியூப் போடும் தேவையே வராது. நாற்றங்கால் விட்டு வைத்தவனுக்குத்தானே மழை பெய்த அன்று நடவு நட முடியும்?

*“கழுத்து டியூப் இருந்தா ஊசிக் குத்து இல்ல, வலி இல்ல. அதயே வச்சுக்கிட்டா என்ன?”*

டியூப் பாலம் மாதிரி. ஃபிஸ்டுலா தயாராகும் வரைக்கும்தான். நாள் ஆக ஆகக் கிருமி தொற்றும் வாய்ப்பும், உள்ளே வழி அடைபடும் வாய்ப்பும் கூடும். டியூப் உள்ளவர்கள் குளம், கிணறு, கண்மாயில் முங்கிக் குளிக்கக் கூடாது. கட்டு நனையக் கூடாது. டயாலிசிஸ் தவிர வேறு எதற்கும் அந்த டியூப்பைத் திறக்க விடக் கூடாது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*“டயாலிசிஸ் ஆளுக்குக் கை வீங்குறது சகஜம்தானே?”*

உடம்பில் நீர் கூடினால் இரண்டு காலும், முகமும் வீங்கும். ஒரு கை மட்டும் வீங்கினால், தோளிலும் நெஞ்சிலும் பச்சை நரம்பு புடைத்தால், படுத்து எழுந்ததும் முகமும் கழுத்தும் உப்பினால், ஊசி எடுத்த பின் ரத்தம் நிற்க ரொம்ப நேரம் ஆனால் அது அடைப்பின் அறிகுறி. சுருங்கிய வழியைத் திறப்பது லேசு. மூடிய வழியைத் திறப்பது கஷ்டம். ஃபிஸ்டுலாவில் அதிர்வு நின்றால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்துக்குள் போனால் திறக்க வாய்ப்பு உண்டு.

*“மாட்டுத் தொழுவம் உள்ள வீட்டுல வயித்து டயாலிசிஸ் செய்யலாமா?”*

செய்யலாம். தனியாக ஒரு சின்ன அறை வேண்டும், இல்லாவிட்டால் தடுத்த ஒரு மூலை. பை மாற்றும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது. ஆடு, மாடு, கோழி, பூனை உள்ளே வரக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். வடிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் வயிறு வலித்தாலும் உடனே காட்ட வேண்டும். சாணி அள்ளிய கையோடு பையைத் தொடாத கட்டுப்பாடு இருந்தால் போதும்.

*“எனக்கு இப்ப எந்த வியாதியும் இல்ல. நான் என்ன செய்யணும்?”*

வருடத்துக்கு ஒரு தடவை ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமும், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாத விவசாயிகளுக்கே சிறுநீரகம் கெட்டிருக்கிறது. காரணம் இன்னும் ஆராயப்படுகிறது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது அதில் ஒன்றாகச் சந்தேகிக்கப்படுகிறது. உச்சி வெயிலில் வேலையை நிறுத்துங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை நாள்தோறும் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் குறைவாக வேலை செய்கிறது என்று தெரிந்தால், அன்றிலிருந்தே அவர் எந்தக் கையால் அதிகம் வேலை செய்வதில்லையோ அந்தக் கையை ஒதுக்கி வையுங்கள். அந்தக் கையின் முன்பகுதியில் ஊசியோ, குளுக்கோஸோ, ரத்தம் எடுப்பதோ வேண்டாம். மற்ற கையின் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். சொல்வது நம் வேலை. “இது டயாலிசிஸுக்கு வச்சிருக்க கை” என்று சொன்னால் எந்த நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டியூப் போட வேண்டி வந்தால், எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எங்கள் நோட்டைப் பார்த்துத்தான் எந்த வழி மிச்சம் இருக்கிறது என்று டாக்டர்கள் கணக்குப் பார்த்தார்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு: உங்கள் அண்ணனின் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் காட்டுங்கள். முதல் கேள்வி, வயிற்று டயாலிசிஸ் ஆகுமா என்பது. அடுத்தது, அடைப்பைத் திறக்க முடியுமா என்பது. தொடையைப் பற்றி யாராவது பேசினால், மாற்றுச் சிறுநீரகத்துக்கு அந்தச் சிரை தேவைப்படுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.